வென்ட்டில் நாற்றமா? டக்ட் கிளீனிங்காரருக்குப் போன் போடும் முன் படித்துவிடுங்கள்

குளிர் தொடங்கி ஹீட்டர் ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டு வென்ட்டுகளில், அதாவது சூடான காற்று அறைக்குள் வரும் துவாரங்களில், அழுகிய முட்டை நாற்றம். கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும்போது வரும், நின்றால் அடங்கிவிடும். சீசனில் முதல் தடவை போடும்போது தூசி கருகி ஒரு வாடை வருமே, அது இல்லை. அது சில மணி நேரத்தில் போய்விடும். இது போகவில்லை.

முட்டை நாற்றம் என்றால் முதல் சந்தேகம் கேஸ் மேல்தான் வரவேண்டும். சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, தெருவில் நின்று கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிட்டோம். ஆள் வந்து மீட்டரை வைத்து இணைப்பு இணைப்பாகப் பார்த்தார். கசிவு இல்லை, வாடை வேறெங்கிருந்தோ வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை ஒரு குறையும் இல்லை.

அடுத்து வந்தவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முழு வீட்டுக்கும் டக்ட் கிளீனிங் (அந்தக் காற்று போகும் குழாய்களைச் சுத்தம் செய்வது), அடிமாட்டு விலை என்று ஒரு விளம்பரம். வந்த ஆள் ஃபர்னஸ் பக்கமே போகவில்லை. எப்போது வாடை வருகிறது, எந்த அறையில் அதிகம் என்று ஒரு கேள்வி இல்லை. ஹாலில் ஒரு வென்ட்டின் மூடியைக் கழற்றி, போனை உள்ளே விட்டு எடுத்து, ஒரு படத்தைக் காட்டினார். கன்னங்கரேல் என்று பூஞ்சை. குழந்தைகள் இருக்கிற வீடு, இந்தக் காற்றையா சுவாசிக்கிறீர்கள், இன்றைக்கே மருந்து அடித்தாக வேண்டும் என்றார். விளம்பரத்தில் போட்டிருந்தது பெருக்கித் துடைக்க மட்டுமாம். பூஞ்சை மருந்துக்குத் தனி, கிருமிநாசினிப் புகைக்குத் தனி, ஒவ்வொரு வென்ட்டுக்கும் தனி. கூட்டிப் பார்த்தால் விளம்பரத் தொகையைப் போலப் பல மடங்கு.

வேலை நடந்த அழகையும் சொல்ல வேண்டும். டக்ட்டை முறையாகச் சுத்தம் செய்வதென்றால் பெரிய உறிஞ்சும் இயந்திரத்தை மெயின் குழாயில் பொருத்தி, மற்ற வென்ட்டுகளை அடைத்து, தூசி வீட்டுக்குள் திரும்பாதபடி உள்ளிருந்து இழுக்க வேண்டும். பல மணி நேர வேலை. இவர் கையில் கார் கழுவுகிற கடையில் இருக்கும் சைஸில் ஒரு வாக்குவம். ஒவ்வொரு வென்ட்டின் வாயிலும் கொஞ்ச நேரம் காட்டினார். பிறகு எலுமிச்சை வாசனையில் ஒரு புகையை அடித்துவிட்டு பில்லை நீட்டினார்.

அவர் போன பிறகு, வாங்கி வைத்திருந்த அந்தப் படத்தை என் மனைவி பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் இருப்பது வளையம் வளையமாக நெளிகிற வெள்ளி நிறக் குழாய். எங்கள் வீட்டில் இருப்பதோ தட்டையான தகரத்தில் செய்த சதுர டக்ட். எந்த வீட்டுப் பூஞ்சையோ!

உண்மையில் அது எங்கள் டக்ட்டாகவே இருந்தாலும், கறுப்பாக இருப்பதை வைத்து மட்டும் பூஞ்சை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் பார்த்தால்தான் உறுதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே இதைச் சொல்கிறது. டக்ட் கிளீனிங் உடல்நலக் கோளாறைத் தடுக்கும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை என்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சை, எலி, அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் குப்பை, இப்படி ஏதாவது இருந்தால் செய்யலாம். நாற்றத்துக்கு அது பொது மருந்து இல்லை.

சில நாளில் நாற்றம் திரும்ப வந்துவிட்டது. "ஏங்க, இப்ப எலுமிச்சையும் சாக்கடையும் சேர்ந்து வருது" என்றாள் மனைவி. எனக்கு அதிகம் எரிச்சல் இந்த எலுமிச்சை மேல்தான். இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. 1937-இல் டெக்சஸ் மாநிலம் நியூ லண்டன் பள்ளியில் யாருக்கும் தெரியாமல் கேஸ் கசிந்து வெடித்து, ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றப் பொருள் கலக்கச் சட்டம் போட்டது டெக்சஸ். மெர்காப்டன் போன்ற அந்தப் பொருட்களின் நாற்றத்தை வைத்துத்தான் கசிவை மூக்கு கண்டுபிடிக்கிறது. அந்த மூக்கை எலுமிச்சையால் அடைக்கக் காசு வாங்குகிறார்கள்.

திரும்பக் கூப்பிட்டதும் அதே நிறுவனம் வேறொருவரை அனுப்பியது. இவர் ஒரு படி மேலே. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (ஃபர்னஸுக்குள் எரியும் புகை வீட்டுக் காற்றில் கலக்காமல் பிரிக்கும் உலோகப் பாகம்) விரிசல், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும், புது ஃபர்னஸ் போடுங்கள் என்று காகிதத்தை நீட்டினார். விரிசலைக் காட்டுங்கள் என்றால், உள்ளே இருக்கிறது, தெரியாது என்கிறார். விரிசல் விட்டால் ஆபத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. முட்டை நாற்றத்தை அதற்குச் சாட்சியாகக் காட்டியபோதே இவர் யார் என்று புரிந்துவிட்டது. கையெழுத்துப் போடவில்லை. போகிற போக்கில், வாடையைப் போக்கும் என்று ஓசோன் இயந்திரம் ஒன்றையும் விற்கப் பார்த்தார். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, அதுவும் வேண்டாம் என்றோம்.

கடைசியில் எதையும் விற்காத, உரிமம் உள்ள டெக்னீஷியன் ஒருவரைப் பிடித்தோம். புகைபோக்கியில் வரும் வாயுவை அளந்தார், கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். விரிசல் இல்லை. பிறகு குனிந்து, ஃபர்னஸுக்குப் பக்கத்தில் தரையில் இருந்த வடிகாலை முகர்ந்தார். அவ்வளவுதான்.

அந்த வடிகாலுக்குக் கீழே வளைந்த குழாய் இருக்கிறது. அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குத் தடுப்பு. கோடையில் ஏசி தண்ணீர் சொட்டி அது நிரம்பியே இருக்கும். எங்களுடையது தண்ணீர் வடிக்காத பழைய மாடல் ஃபர்னஸ் என்பதால் குளிர்காலத்தில் காய்ந்துவிட்டது. அதோடு ஃபில்டர் செருகும் இடத்தின் மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி. ஃபேன் சுற்றும்போது அந்த வழியாக வாயுவை இழுத்து வீடு முழுக்கப் பரப்பியிருக்கிறது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார், மூடியைச் சரியாகப் பொருத்தினார். நாற்றம் போய்விட்டது. மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

உங்கள் வீட்டில் வருவது பிளாஸ்டிக் கருகும் வாடை என்றால் கதை வேறு. மோட்டாரோ வயரோ சூடேறியிருக்கலாம். உடனே ஃபர்னஸை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். புகை தெரிந்தால் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். ஹீட் பம்ப் (ஏசி போலவே இயங்கி வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) வைத்திருப்பவர்களுக்குச் சில சமயம் அழுக்குச் சாக்ஸ் வாடை வரும். அது பெரும்பாலும் காயிலில் படியும் பாக்டீரியா, டக்ட்டைத் தேய்த்தால் போகாது.

பில், அந்தப் படம், டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் வைத்துக் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். நிறுவனத்திடமும் கேட்டோம். பணம் திரும்பாதாம். அடுத்த வருடக் கிளீனிங்கில் பாதி விலை தள்ளுபடி தருகிறார்களாம்.