சொல்வதா, எழுதிக் கொடுப்பதா, சொல்ல வைப்பதா?

நோயையும் மருந்தையும் நோயாளிக்கு விளக்க மூன்று வழிகள் இருக்கின்றன: வாயால் சொல்வது, அச்சிட்ட தாளைக் கொடுப்பது, கேட்டதை அவரையே திருப்பிச் சொல்ல வைப்பது. பெரும்பாலும் முதல் இரண்டோடு வேலையை முடித்துவிடுகிறோம், மூன்றாவதற்கு நேரமில்லை என்று. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வர வேண்டியது.

வாயால் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து நிதானிக்கலாம், பயந்தால் நிறுத்தலாம். ஆனால் மறதி பொல்லாதது. மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்டப் பாதி தவறாகவே நிற்கிறது என்கிறது 2003-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை. ‘புற்றுநோய்’ என்ற சொல் காதில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு சொன்ன எதுவும் மனதில் ஏறுவதில்லை.

தாள் மறக்காது. வீட்டில் இன்னொருவரும் எடுத்துப் படிக்கலாம். சிக்கல் அதில் இருக்கும் சொற்களில்தான். ஐரோப்பிய மருந்துத் தாள்களில் ‘பொதுவான பக்கவிளைவு’ என்றால் 100 பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை உள்ளவர்களுக்கு வரக்கூடியது. படிப்பவரோ பாதிப் பேருக்கு வரும்போல என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுவார்.

சதவீதம் இன்னும் மோசம். 1995-இல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்த உறைவு அபாயம் இரட்டிப்பாகிறது, அதாவது 100 சதவீதம் கூடுகிறது என்று எச்சரிக்கை வந்தது. தலைக்கணக்கில் பார்த்தால், 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும், அவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை விட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாகக் கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் கர்ப்பத்தில் இரத்த உறைவு அபாயம் அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம். அதனால் வாயால் சொன்னாலும் தாளில் எழுதினாலும் ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்றே சொல்லுங்கள்.

தாளில் போடும் படம், இரத்தக் குழாயில் அடைப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட நல்லது. எப்போது, எவ்வளவு என்பதற்கு அது போதாது.

இனி மூன்றாவது வழி. ஆஸ்துமா உள்ள ஓர் அம்மாவுக்கு இன்ஹேலரைச் செய்து காட்டினேன். குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். “புரிஞ்சுதாம்மா?” என்றேன். “நல்லா புரிஞ்சுதுங்க” என்று தலையாட்டினார். சரி, செய்து காட்டுங்கள் என்று கையில் கொடுத்தேன். குலுக்கவில்லை. முதலில் அழுத்திவிட்டு அப்புறம் மூச்சை இழுத்தார். மருந்து வெண்புகையாக உதட்டோரம் வெளியேறியது. அப்படியே அனுப்பியிருந்தால், மருந்து கேட்கவில்லை என்று அளவைத்தான் கூட்டியிருப்போம்.

கேட்கும் விதத்தில் கவனம் தேவை. “திருப்பிச் சொல்லுங்க பார்க்கலாம்” என்றால் பரீட்சை மாதிரி ஆகிவிடும், கூசிப்போவார்கள். “நான் சரியா சொன்னேனான்னு தெரியணும். வீட்டுல கேட்டா எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டால் பொறுப்பு நம் பக்கம் வந்துவிடும். எல்லாவற்றையும் கடைசியில் கேட்காமல், இரண்டு விஷயத்துக்கு ஒரு முறை கேட்பது நல்லது.

கெட்ட செய்தி கேட்டு உடைந்துபோயிருப்பவரிடம் மட்டும் இதை அன்றைக்கே செய்யாதீர்கள். தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள்.