டைல்ஸ் பெயர்க்க வாங்கிய ரோட்டரி ஹாமர்: தரைக்கு அருமை, சுவருக்கு ஆகாது

குளியலறைத் தரையிலும் சமையலறை மேடைக்கு மேலே உள்ள சுவரிலும் இருந்த பழைய செராமிக் டைல்ஸை நானே பெயர்த்து எடுக்கிறேன் என்று வீட்டில் வீரமாகச் சொல்லிவிட்டு, உளி மாட்டிக் கொத்தும் மின் மெஷினான ரோட்டரி ஹாமர் ஒன்று வாங்கினேன். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு அதோடு மல்லுக்கட்டியாகிவிட்டது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தரை வேலை இது இல்லாமல் முடிந்திருக்காது, சுவரில் இதை வைத்தது நான் செய்த முட்டாள்தனம், இரண்டு இடத்திலும் வேலையைத் தீர்மானித்தது மெஷினைவிட அதன் முனையில் மாட்டிய உளிதான். கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. இந்த எடையில் வரும் மெஷின்கள் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. வீட்டில் சுவரில் ஓட்டை போட வைத்திருக்கும் இம்பாக்ட் டிரில் வேறு, இது வேறு. அந்த டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தடதடவென்று குதிக்கும், அவ்வளவுதான், சுற்றாமல் வெறுமனே கொத்தும் வசதி அதில் கிடையாது. ரோட்டரி ஹாமரில் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது, ஆனால் அது நேராக உளியை அடிப்பதில்லை, நடுவில் அடைபட்ட காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்று ஓர் இரும்புக் கட்டையை வீசி எறிய, அது போய் உளியின் பின்பக்கத்தில் மோதுகிறது. இதைத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம் என்றால், நாம் மேலே ஏறி அழுத்துவதால் அடியின் பலம் கூடாது. உளி நழுவாத அளவுக்கு ஊன்றிப் பிடித்தால் போதும். இது புரியாமல் முதல் நாள் முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து வேலை பார்த்தேன், மறுநாள் காலையில் பல் துலக்கக் கை எழவில்லை.

என்னிடம் இருப்பது 800 வாட், ஓர் அடிக்கு 3 ஜூல், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. உளி மாட்டும் இடம் எஸ்டிஎஸ் பிளஸ் வகை, அதாவது உளியின் வால் 10 மி.மீ. பருமன். தரையை உடைக்கும் பெரிய மெஷின்களான பிரேக்கர்களில் வருவது எஸ்டிஎஸ் மேக்ஸ், அது 18 மி.மீ., ஒன்றின் உளி இன்னொன்றில் சேராது. உளி தனியாக வாங்கும்போது இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டாம்.

தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் பெட்டியில் வந்தது ஒரு கூர் உளியும் 20 மி.மீ. தட்டை உளியும்தான். டைல்ஸ் பெயர்க்க இரண்டுமே லாயக்கில்லை. கூர் உளி டைலில் ஓட்டை போடும். 20 மி.மீ. உளி டைலைச் சுக்குநூறாக உடைத்துவிட்டு அடியில் உள்ள கலவைக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். முதல் அரை மணி நேரத்தில் நான் எடுத்தது மூன்றே டைல்ஸ், அதுவும் அவல் மாதிரி. அப்புறம் போய் 40 மி.மீ. அகலத்தில், முனைக்குக் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும் நெளி உளி ஒன்று வாங்கி வந்தேன். அந்த வளைவு இருப்பதால் மெஷினைத் தரையில் இடிக்காமல் உளியைப் படுக்கவைத்துப் பிடிக்க முடிகிறது. இந்த ஒரு மாற்றத்துக்கே தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

குளியலறைத் தரை நாலு சதுர மீட்டர், 30 செ.மீ. டைல்ஸ் 40-க்கு மேல். எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் காலி டப்பா மாதிரி ஒலித்தது. அதன் நடுவில் சுத்தியலால் ஒரு போடு போட்டு உடைத்து எடுத்தால் பக்கத்து டைலின் விளிம்பு வெளியே தெரியும், அந்த விளிம்புக்கு அடியில்தான் உளி நுழைய வேண்டும். செங்குத்தாக வைத்தால் உடையும், ரொம்பப் படுக்கவைத்தால் டைல் மேலேயே வழுக்கும். 30 டிகிரி சுமாருக்குச் சாய்த்து, டைலும் கலவையும் சேரும் கோட்டில் வைத்தால் வேலை நடக்கிறது. சரியாக வைத்துவிட்டோமா என்பது காதுக்கே தெரியும். முதலில் வறட்டுத்தனமாகக் கடகடக்கிற சத்தம் கனத்து இறங்கும், அதே நேரம் டைலைச் சுற்றியுள்ள இணைப்புக் கோட்டில் இருந்து மெல்லிய தூசு ஒரு வரிசையாகத் துள்ளி எழும்பும். அடுத்த நொடி டைல் முழுசாகத் தூக்கிக்கொண்டு வரும். அதன் முதுகில் இருக்கும் கட்டம் கட்டமான வரிகள் அப்படியே கலவையில் அச்சாகப் பதிந்திருக்கும். இந்தத் தூசு வரிசையைப் பார்ப்பதற்காகவே இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன் என்றால் நம்புங்கள்.

ஆனால் எல்லா டைலும் அப்படி வராது. சிமெண்ட் கலவையில் பதித்தவை வந்துவிட்டன. வாசற்படியை ஒட்டிய ஏழு டைல்ஸ் பிற்காலத்தில் யாரோ மாற்றியவை, டைல்ஸுக்கென்று விற்கும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசையில் சிமெண்டோடு பாலிமர் கலந்திருப்பதால் டைலை விடவே விடாது. டைல் உடைகிறது, ஒட்டு அசையவில்லை. மீதித் தரை முழுவதற்கும் எவ்வளவு நேரம் ஆனதோ, கிட்டத்தட்ட அதே நேரம் அந்த ஏழுக்கும் ஆனது. உங்கள் வீட்டில் முழுத் தரையும் பசையில் ஒட்டியதென்றால் இந்தச் சின்ன மெஷினை நம்பி இறங்காதீர்கள், பெரிய பிரேக்கரை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

வடிகாலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மெஷினைக் கொண்டுபோகவில்லை. அங்கே பிளாஸ்டிக் குழாய் கலவைக்குள் இறுகி நிற்கிறது, அதிர்ச்சியில் விரிசல் விட்டால் தெரிய வருவது கீழ்த்தளக் கூரையில் ஈரம் கசிந்த பிறகுதான். அந்த இடத்தைக் கை உளியாலேயே முடித்தேன். வடிகால் வாயில் பழந்துணியைத் திணித்து மேலே டேப் ஒட்டியது வேலை தொடங்குவதற்கு முன்பே, அதை மறந்தால் குழாய்க்குள் ஒரு மூட்டைச் சல்லி போய்விடும்.

இனி சுவர். தரையில் கிடைத்த தைரியத்தில் அதே மெஷினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். முதல் டைல் பத்து நொடியில் வந்தது, கூடவே உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சும் வந்து செங்கல் பல்லைக் காட்டியது. பூச்சின் பருமனே விரல் அகலம்தான் இருக்கும், 3 ஜூல் அடியை அது எப்படித் தாங்கும்? சரி, சாய்வைக் குறைக்கலாம் என்று இரண்டாவதுக்குப் போனேன், அதே கதை. மூன்றாவது டைலுக்குப் பின்னால் பூச்சு உதிர்ந்தபோது மின்கம்பி போகும் குழாய் எட்டிப் பார்த்தது. சமையலறைக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் அணைத்துவிட்டு வேறு அறையில் இருந்து கம்பி இழுத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தேன், இருந்தாலும் வயிற்றைப் பிசைந்தது. மெஷினை அங்கேயே கீழே வைத்துவிட்டேன்.

மீதியை ஒரு கிலோ சுத்தியலும் அகல உளியும் வைத்துக் கையால் எடுத்தேன், அதுதான் வேகமாகவும் இருந்தது! காரணம் டைல்ஸைக் கழற்றிப் பார்த்ததும் புரிந்தது. ஒட்டியவர் முதுகு முழுக்கக் கலவை தடவவில்லை, நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று, அவ்வளவுதான். மூலையில் உளியை வைத்து இரண்டு தட்டு, கையோடு வந்தது. மேல் வரிசையில் தொடங்கிக் கீழே இறங்குவது நல்லது, இல்லையென்றால் கீழே குனிந்து வேலை செய்கிற தலைமேல் மேல் வரிசை இறங்கும். பக்கத்தில் சில டைல்ஸை அப்படியே விட்டுவைக்கப்போகிறீர்கள் என்றால் எல்லைக் கோட்டில் உள்ள இணைப்புச் சாந்தை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அதற்குக் கார்பைடு பிளேடு போட்ட மல்டி டூல் (பிளேடை வேகமாக அசைத்து அறுக்கும் கைமெஷின்) போதும். சாந்தை எடுக்காமல் அடித்தால் அந்த அடி அப்படியே பக்கத்து டைலுக்கும் போய் அதையும் விரிசலாக்கும். எனக்கு ஒன்று போனது.

தூசியைப் பற்றி மெஷின் கம்பெனி கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி போட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். டைலிலும் சிமெண்டிலும் இருக்கும் சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், அதனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் திரும்பச் சரியாகாது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016-இல் கொண்டுவந்த விதிப்படி எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சுவாசத்தில் சேரும் சிலிக்கா சராசரியாக 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம், யோசித்துப் பாருங்கள். கைக்குட்டை கட்டுவதெல்லாம் மனத்திருப்திக்கு மட்டுமே. குறைந்தது என்95 வகை முகக்கவசம் வேண்டும், முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் உட்காராது (நான் எடுத்துவிட்டேன், வீட்டில் சிரித்தார்கள்). தெளிப்பானில் தண்ணீர் அடித்துக்கொண்டே வேலை செய்தால் தூசு பாதிக்கு மேல் அடங்குவது கண்கூடாகத் தெரிகிறது, மெஷின் மேல் படாமல் அடிக்க வேண்டும். கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் வைர பிளேடு மாட்டி உலர்வாக அறுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு நிமிடத்தில் எதிர்ச் சுவர் தெரியாது.

கண்ணாடி, கையுறை, காதடைப்பு எல்லாம் போட்டவன் கீழே அரைக்கால் சட்டையோடு இருந்தேன். பளபளப்பான மேல்பூச்சு உடைந்தால் கண்ணாடித் துண்டு மாதிரிதான். முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு, வலியே தெரியவில்லை, செருப்பு வழுக்கியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

அதிர்வும் சும்மா இல்லை. இந்த வகை மெஷினில் கொத்தும்போது கைக்கு வரும் அதிர்வு 10 மீட்டர்/வினாடி² என்று வைத்துக்கொண்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி அரை மணி நேரத்திலேயே கவனிக்க வேண்டிய அளவைத் தொட்டுவிடுகிறோம், இரண்டு மணி நேரத்தில் அன்றைய உச்ச வரம்பு. அதாவது விசையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும். நான் 20 நிமிடம் கொத்துவது, 10 நிமிடம் அள்ளுவது என்று மாற்றி மாற்றிச் செய்தேன். மெஷினின் மூக்கும் அதற்குள் தொட முடியாத சூடாகிவிடும், அதற்கும் ஓய்வு.

அள்ளுவது என்றதும் ஞாபகம் வருகிறது. டைல்ஸோடு 25 மி.மீ. கலவையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 65 கிலோவுக்குக் குறையாது. நாலு சதுர மீட்டருக்குக் கால் டன். சிமெண்ட் சாக்கில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நிரப்பினால் தூக்கவும் முடியாது, சாக்கின் அடியும் கிழியும். இதில் என் முதுகு பட்ட பாடு மெஷின் கொடுத்ததைவிட அதிகம்.

மெஷினில் குறை என்று பார்த்தால் பெரிசாக ஒன்றுதான், அது ஆபத்தானது. துளையிடுவது, அடித்துத் துளையிடுவது, கொத்துவது என்று மூன்றுக்கும் ஒரே திருகுதான். கொத்தும் நிலையில் முழுசாக விழுந்ததா என்று கைக்குத் தெரிவதில்லை. ஒருமுறை அரைகுறையாக நின்றிருக்கிறது, விசையை அழுத்தியதும் அகல உளி கொத்தாமல் சுற்றத் தொடங்கி மணிக்கட்டை முறுக்கிவிட்டது. இப்போது திருகியதும் உளியைக் கையால் சுழற்றிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் மின்சாரம் கொடுக்கிறேன். பக்கவாட்டுக் கைப்பிடி அதிர்வில் தளர்ந்துகொண்டே இருக்கிறது. கம்பி நீளம் போதாது. உளி வாலில் தடவக் கொடுத்த கிரீஸ் நான்கு நாள்கூட வரவில்லை, அது இல்லாமல் ஓட்டினால் மாட்டும் வாய் தேய்ந்துவிடும் என்பதால் தனியாக வாங்கினேன்.

ஒரே ஓர் அறைக்கு என்றால் வாடகைக்கு எடுங்கள், மூன்று நான்கு இடம் இருந்தால் வாங்கலாம். 1980-களுக்கு முந்தைய கட்டடமாக இருந்து, செராமிக்குக்கு அடியில் பழைய வினைல் தரையோ கறுப்புப் பசையோ தெரிந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் கொத்தக் கூடாது.

எனக்கு அடுத்து பால்கனித் தரை பாக்கி இருக்கிறது. அதற்கு முன் நெளி உளியைச் சாணை பிடிக்க வேண்டும், அந்த ஏழு டைல்ஸ் அதன் முனையை மழுக்கிவிட்டன.