ஃபயர்வாலுக்குக் காசு வாங்கிக்கொண்டு, இருந்த ஃபயர்வாலையும் அணைத்துவிட்டுப் போனார்கள்

மதுரையில் வீட்டு இணையத்துக்கு ‘ஃபயர்வால் பெட்டி’ (வேண்டாத இணைப்புகளை உள்ளே விடாமல் தடுக்கும் காவல் பெட்டி) மாட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எல்லீஸ் நகரில் எங்கள் வீட்டில் ஒரே ஃபைபர் இணைப்பில் மூன்று கணினிகள் ஓடுகின்றன. ஒன்றில் தெற்கு மாசி வீதிக் கடைக்காரர்கள் சிலரின் ஜிஎஸ்டி கணக்குகள் இருக்கின்றன. வெளியிலிருந்தும் அதைத் திறந்து வேலை பார்க்க வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்று நகருக்குள் ஒரு கணினிக் கடையில் கேட்டேன். “கம்பெனிகளில் போடுகிற ஃபயர்வால் சார், ஈ எறும்பு கூட நுழையாது” என்றார் வந்த பையன். பெட்டிக்கு 7,200 ரூபாய், ‘ஆண்டுச் சந்தா’ 1,800. நிலையான ஐபி முகவரியும் (இணையத்தில் நம் இணைப்புக்கான மாறாத எண்) வாங்கச் சொன்னார். அதற்கு இணைய நிறுவனத்துக்குத் தனிப் பணம். ரசீது ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவனிடமே இந்தத் துணிச்சல்!

கணினி அடிக்கடி திணறவே, பொறியியல் படிக்கும் அக்கா மகன் உட்கார்ந்து பார்த்தான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 4625 என்ற எண்ணுடன் வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. உள்நுழைய முயன்று தோற்றால் விழுகிற பதிவு அது. அட்மின், டெஸ்ட், யூசர் என்று வாய்க்கு வந்த பெயர்களையெல்லாம் போட்டு, எங்கிருந்தோ யார் யாரோ கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். “மாமா, உங்கள் கணினியைத் தெருவில் தூக்கி வைத்திருக்கிறார்கள்” என்றான்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎம்இசட் என்று ஒன்று உண்டு. உள்ளிருந்து கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புகளை ரூட்டர் வழக்கமாகத் தள்ளிவிடும். டிஎம்இசட்டில் ஒரு கணினியின் முகவரியைப் போட்டுவிட்டால் அவ்வளவும் நேராக அதற்குப் போய்விடும். அங்கே என் கணக்குக் கணினியின் முகவரி இருந்தது. பெட்டியின் அடியில் ‘ஃபயர்வால்’ என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தோம். கீழே சாதாரண வைஃபை ரூட்டரின் மாடல் எண். சந்தா கட்ட அதில் எதுவுமே இல்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது இதற்கடுத்துத்தான். பிரிண்டரைப் பகிர்வதற்குச் சோம்பல்பட்டு, மூன்று கணினிகளிலும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்து, சி டிரைவை ‘அனைவருக்கும்’ திறந்து வைத்திருக்கிறார்கள். 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் விண்டோஸில் தானாகவே இயங்கிவரும், காலணா செலவில்லாத பாதுகாப்பு அது. வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை ரூட்டர் பெரும்பாலும் தடுக்காது. அதைத் தடுப்பது அந்தந்தக் கணினியின் ஃபயர்வால்தான். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற நச்சு நிரல் பரவியது 445ஆம் போர்ட் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக, கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையைப் பிடித்து. மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தும் அத்தனை கணினிகள் மாட்டின.

உங்கள் வீட்டிலும் யாராவது கைவைத்திருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து, டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு ரூட்டர் பக்கம்: உலாவியில் போட வேண்டிய முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. டிஎம்இசட், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். வெளி இணைப்புகளை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் நீங்கள் கேட்காதது எதுவும் இருக்கக் கூடாது. கடவுச்சொல் அட்மின் என்றே இருந்தால் உடனே மாற்றுங்கள். வெளியிலிருந்து வேலை பார்க்க விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பூட்டிய தனிப்பாதை) போதும். இப்போது நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஸ்டிக்கரை உரித்ததால் வாரண்டி போய்விட்டது என்கிறார் கடைக்காரர். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு செல்லாது என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் யுபிஐயில் பணம் அனுப்பும்போது ‘ஃபயர்வால், ஓராண்டுச் சந்தா’ என்று குறிப்பு எழுதியிருக்கிறேன், “வந்துவிட்டது சார்” என்று அவர் அனுப்பிய பதிலும் கைப்பேசியில் இருக்கிறது.