பினாப்தலீனா, மெத்தில் ஆரஞ்சா?

முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் (ஒரு கரைசலில் இன்னொன்றைத் துளித்துளியாக விட்டு செறிவைக் கண்டுபிடிப்பது) என்றாலே இந்த இரண்டு நிறங்காட்டிகள்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் என்றால் எதைப் போட்டாலும் சரி. ஆக்சாலிக் அமிலம் வந்துவிட்டால் பினாப்தலீன் மட்டுமே. அது நிறம் மாறுவது பிஹெச் (அமில-கார அளவு) 8.3 முதல் 10 வரை, சமானப் புள்ளியும் (அமிலமும் காரமும் சரிக்குச் சரி வினைபுரிந்து முடியும் இடம்) 7-க்கு மேலேதான் விழுகிறது. சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு டைட்ரேட் செய்தால் மெத்தில் ஆரஞ்சு (பிஹெச் 3.1–4.4). அங்கே பினாப்தலீன் போட்டால் பைகார்பனேட் நிலையிலேயே நிறம் போய்விடும், பியூரெட்டில் (துளித்துளியாக விடும் அளவுக் குழாய்) அமிலத்தின் அளவு பாதிதான் வரும்.

கண்ணுக்கு எளிது பினாப்தலீன்தான். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். அப்புறம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதை வெளுக்க வைக்கும், பயந்து இன்னொரு துளி விடாதீர்கள். மெத்தில் ஆரஞ்சின் மஞ்சள்-ஆரஞ்சு வித்தியாசம் பெருந்தொல்லை. கூம்புக்குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வையுங்கள்.