பாப்பாயுடன் ஆறு வருஷம்: ஹெல்ப்மேட் புதிர் கட்டுபவனின் அனுபவம்

வழக்கமான செஸ் புதிரில் வெள்ளை துரத்தும், கறுப்பு தப்பிக்கப் பார்க்கும். ஹெல்ப்மேட்டில் இரண்டு பேரும் கூட்டாளிகள். கறுப்பு முதலில் நகரும், வெள்ளை பதில் நகரும், குறித்த நகர்த்தலில் கறுப்பு ராஜா மேட் ஆக வேண்டும். கறுப்பு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் ஒரே ஒரு வழியில். கட்டியவர் நினைக்காத வேறு வழி இருந்தால் புதிர் செல்லாது. இந்தத் தேவையில்லாத வழிக்குப் புதிர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'குக்'. அதைத் தேடிப்பிடிக்க ஆறு வருஷமாக நான் நம்பியிருக்கும் புதிர் தீர்க்கும் மென்பொருள்தான் பாப்பாய்.

என்னை இதில் இழுத்துவிட்டது அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்ட் 1860-இல் வெளியிட்ட ஒரு மூன்று நகர்த்தல் புதிர். அதற்கு முன்பே 1854-இல் ஜெர்மானியர் மாக்ஸ் லாங்கே இந்த வகையை ஆரம்பித்துவிட்டார். கறுப்பு முதலில் நகரும் வழக்கம் லாய்டிடமிருந்து வந்தது. அவர் புதிரில் வெள்ளை ரூக் ஏ8 மூலைக்குப் போய் நிற்கும். உடனே பிஷப் பி8-க்கு வந்து அதன் வழியை மறிக்கும். என்ன கிறுக்குத்தனம் என்று தோன்றும். ஆனால் மறிக்காவிட்டால் கறுப்பு ராஜா எச்8-க்கு வரவே முடியாது, எட்டாவது வரிசை முழுக்க ரூக்கின் பார்வை. ராஜா நடந்து வந்து மூலையில் உட்கார்ந்ததும் பிஷப் ஈ5-க்கு விலகும். இரட்டைச் செக், மேட். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போனது.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். பாப்பாய் 1980-களில் ஆரம்பித்த இலவச மென்பொருள். இன்றும் திறந்த மூலமாக வளர்கிறது. கணினியின் கட்டளை ஜன்னலில் ராஜா எங்கே, பிஷப் எங்கே, எத்தனை நகர்த்தல் என்று எழுத்தில் கொடுத்தால் எல்லாத் தீர்வுகளையும் வரிசையாகக் கொட்டும். பலகையில் காயை இழுத்து வைக்க வேண்டும் என்பவர்களுக்கு ஆலிவ் என்ற முகப்பு இருக்கிறது (பாப்பாயின் காதலி பெயரேதான்). நான் முதல் ஒரு வருஷம் ஆலிவ் இருப்பதே தெரியாமல் தட்டச்சு செய்தே காலம் தள்ளினேன்.

அந்த வருஷத்தின் பெரிய கூத்து குதிரை. செஸ் பழக்கத்தில் குதிரைக்கு 'என்' எழுத்தைப் போட்டேன். விடை தெரிந்த பழைய புதிருக்கே வாயில் நுழையாத தீர்வுகள் வந்தன. மென்பொருளில்தான் கோளாறு என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். புதிர் உலகில் 'என்' என்றால் நைட்ரைடர், ஒரே திசையில் குதிரைத் தாவலை அடுக்கிக்கொண்டே போகும் விசித்திரக் காய். சாதாரணக் குதிரைக்கு 'எஸ்', ஜெர்மன் 'ஸ்ப்ரிங்க'ரின் முதல் எழுத்து. புதிதாக வருகிறவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் முதல் புதிர். நாலே காய். வெள்ளை ராஜா எஃப்8, பிஷப் எச்2. கறுப்பு ராஜா எச்7, பிஷப் டி3. இரண்டு நகர்த்தலில் ஹெல்ப்மேட். நான் நினைத்தது: கறுப்பு ராஜா எச்8-க்கு ஒதுங்கும், வெள்ளை ராஜா எஃப்7-க்கு வரும், கறுப்பு பிஷப் எச்7-இல் போய் தன் ராஜாவின் வாசலைத் தானே அடைக்கும், வெள்ளை பிஷப் ஈ5-இல் மேட். பாப்பாயிடம் கொடுத்தேன். கண் இமைப்பதற்குள் பட்டியல் நீண்டது. வெள்ளை ராஜா எஃப்8-இல் நின்றபடியே ஜி7, ஜி8 இரண்டையும் காக்கிறதே! அது நகரவே வேண்டாம். வெள்ளை பிஷப் சும்மா ஜி1-க்கு ஒரு நடை போய்விட்டு டி4-இல் வந்து மேட் சொல்லலாம். ஜி3-க்குப் போய் ஈ5-க்கும் வரலாம்.

சரி, ராஜாவை ஈ8-க்குத் தள்ளினேன். இப்போது அது எஃப்7-க்கும் வரலாம், எஃப்8-க்கும் வரலாம், இரண்டிலும் மேட். ஈ7-இல் வைத்தாலும் இதே கதை. கடைசியில் ஈ6. அங்கிருந்து எட்டக்கூடிய கட்டங்களில் ஜி7, ஜி8 இரண்டையும் காப்பது எஃப்7 மட்டும்தான். எச்2 பிஷப்புக்கும் எச்8-க்குப் போகும் மூலைவிட்டத்தை ஒரே நகர்த்தலில் தொட ஈ5 தவிர வேறு கட்டம் கிடையாது. பாப்பாய் ஒரே ஒரு வரியைத் தந்தது. அந்த ஒற்றை வரியைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எந்தப் போட்டியில் ஜெயித்தும் எனக்கு வந்ததில்லை. (ஜி7-ஐ ராஜா, பிஷப் இரண்டும் காப்பதால் கறாரானவர்கள் இதைத் தூய மேட் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம்.)

பாப்பாய் குக்கைக் காட்டும், எப்படி அடைப்பது என்று சொல்லாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஈ6-ஐ அதுவே சொல்லியிருந்தால் நான் எதைக் கட்டினேன் என்று சொல்லிக்கொள்வது? குறை வேறு இடத்தில் இருக்கிறது. புதிர் அழகா, ஏற்கெனவே யாராவது செய்ததா என்பது அதற்குத் தெரியாது. ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய என் புதிர், கிட்டத்தட்ட அதே அமைப்பு முன்பே வந்துவிட்டது என்று திரும்பி வந்தது. மூன்று மாத உழைப்பு. ஜெர்மனியின் 'டி ஷ்வால்பே' அமைப்பு நடத்தும் புதிர்த் தரவுத்தளம் இணையத்தில் இலவசம், லட்சக்கணக்கான புதிர்கள் உள்ளே. அனுப்புவதற்கு முன் அங்கே தேடியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

வேகம்? இரண்டு, மூன்று நகர்த்தல் என்றால் காத்திருக்கவே வேண்டாம். காய்கள் நிறைந்த ஐந்தாறு நகர்த்தல் புதிரை ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிடுவேன். 'இன்டெலிஜென்ட்' என்ற தேர்வைப் போட்டால் முதலில் எங்கெல்லாம் மேட் அமைய முடியும் என்று கட்டிப் பார்த்துவிட்டு, அங்கே போக வழி இருக்கிறதா என்று தேடும். வெள்ளைக் காய்கள் குறைவாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அந்தத் தேர்வைப் பார்த்த பிறகுதான் கையால் தீர்க்கும் என் முறையும் மாறியது. முன்பெல்லாம் முதல் நகர்த்தலிலிருந்து தடவுவேன். இப்போது மேட் எந்தக் கட்டத்தில், எந்த வாசலை யார் அடைப்பது என்று கடைசியிலிருந்து வருகிறேன். வேண்டுமென்றே இரண்டு தீர்வு வைத்துக் கட்டிய புதிரில் ஒன்றைக் கண்டுபிடித்ததும், அங்கே வெட்டுப்பட்ட வெள்ளைக் காய் மற்றதில் மேட் சொல்லுமா என்று பார்ப்பேன். ஸிலாஹி என்று பெயர் வைக்கும் அளவுக்கு வழக்கமான கருப்பொருள் அது.

ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. விடை விரல் நுனியில் இருக்கும்போது யோசிக்க யாருக்கு மனசு வரும்? நடுவில் ஒரு வருஷம் நான் எதையுமே சொந்தமாகத் தீர்க்கவில்லை. அப்புறம் மடிக்கணினியை மூடிவைத்து, உலகத் தீர்வுப் போட்டியின் ஹெல்ப்மேட் சுற்று மாதிரி 3 புதிர், 50 நிமிடம் என்று கடிகாரம் வைத்து உட்கார ஆரம்பித்தேன். பெரும்பாலும் இரண்டோடு நேரம் முடிந்துவிடுகிறது. விளையாட்டுச் செஸ்ஸில் முன்னேற்றம் உண்டா என்று கேட்காதீர்கள். எதிராளி எனக்கு உதவுவான் என்ற நம்பிக்கையில் நகர்த்திவிட்டு முழிக்கிறேன்.

இப்போது ஒரு மூன்று நகர்த்தல் புதிர் கையில் இருக்கிறது. ஏ7-இல் ஒரு கறுப்புச் சிப்பாய் வைத்தால் குக் அடைபடுகிறது, ஆனால் அந்தச் சிப்பாய்க்கு வேறு வேலையே இல்லை. வைக்கவும் மனசில்லை, எடுக்கவும் முடியவில்லை. நேற்று ராத்திரி அதை ஏ6-க்கு நகர்த்திப் பார்த்தேன். பாப்பாய் புதிதாக இன்னொரு வழியைக் காட்டிவிட்டது.