அரக்கர் வேடம்: ஒப்பனைத் தோலா, மோஷன் கேப்சரா?

திரையில் விசித்திர உயிர்களாக நடிப்பதையே தொழிலாக்கிக்கொள்ள விரும்புவோருக்கு, ஒப்பனைத் தோல் அணிந்து நடிக்கும் நடிகர் டக் ஜோன்ஸின் வழியும், நடிகரின் உடல், முக அசைவுகளைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு ஊட்டும் மோஷன் கேப்சர் முறையில் நடிக்கும் ஆண்டி செர்கிஸின் வழியும் ஒருசேரக் கண்ணில்பட்டு, எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம் எழுவது இயல்பு.

உடல் வருத்தம்
ஜோன்ஸ்: 2006-இல் வெளிவந்த 'பான்ஸ் லாபிரிந்த்' படத்தில், உள்ளங்கைகளில் கண்கள் கொண்ட அரக்கனாக நடிக்க, பல மணி நேர ஒப்பனைக்குப் பின், முகமூடியின் மூக்குத் துளைகள் வழியாகவே பார்த்து நடந்தார். அந்நிலையிலும் விரல் நுனிவரை பாத்திரமாகவே நின்றது வியக்கத்தக்கது.
செர்கிஸ்: புள்ளியிட்ட முகமும் இறுக்கமான உடையுமே போதும், எனினும் 'கிங் காங்' படத்துக்காக ருவாண்டா சென்று கொரில்லாக்களைக் கவனித்துப் பயின்றார்.

குரல்
ஜோன்ஸ்: 2004-இல் 'ஹெல்பாய்' படத்தில் அவர் ஏற்ற ஏப் சேப்பியன் பாத்திரத்துக்கு வேறொரு நடிகர் குரல் கொடுத்தார், 2008-இல் வந்த அடுத்த பாகத்தில்தான் அவருடைய சொந்தக் குரல் ஒலித்தது.
செர்கிஸ்: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் அவர் ஏற்ற கோலம் (Gollum) என்ற பாத்திரத்தின் கரகரப்பான குரல் முழுக்க அவருடையதே.

படப்பிடிப்புத் தளம்
ஜோன்ஸ்: எதிரில் நிற்கும் நடிகர் உண்மையான உருவத்தையே காண்கிறார்.
செர்கிஸ்: உருவம் பின்னர் கணினியில் பிறக்கிறது.

மைம் எனும், பேச்சின்றி உடலசைவால் நடிக்கும் கலையில் பயிற்சியும் மெலிந்த உடலும் அசாத்தியப் பொறுமையும் உள்ளவர்க்கு ஜோன்ஸின் வழி பொருந்தும்; முகபாவமும் குரலுமே வலிமையாகக் கொண்டு, மனித அளவை மீறிய உருவங்களை ஏற்க விரும்புவோர் செர்கிஸின் வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.