ஆர்வியில் கேஸ் ஃபிரிட்ஜ்: வைத்துக்கொள்வதா, கழற்றி எறிவதா?

பழைய ஆர்வி (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி இருக்கும் பயண வண்டி) ஒன்றை வாங்கப்போகிற நண்பர் கேட்டார்: "உள்ளே கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜ் இருக்கு. அப்படியே விட்டுடலாமா, பேட்டரியில் ஓடுற கம்ப்ரசர் ஃபிரிட்ஜா மாத்திடலாமா?" இன்ஜினையும் மைலேஜையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்லது. என் வண்டியைப் பற்றி எனக்கும் சொல்ல இருப்பது அந்த ஃபிரிட்ஜ் கதை மட்டும்தான். போன வாரம்தான் மறுபடி ரிப்பேருக்குக் காசு கொடுத்தேன். அதனால் கொஞ்சம் சூடாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்று இரண்டு மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்த சங்கதி இது. மோட்டார் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது. பின்னால் ஒரு சின்ன கேஸ் சுடர் எரியும். அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்து அமோனியா பிரிந்து மேலே போய், குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகும். அப்போதுதான் உள்ளே இருக்கிற வெப்பத்தை உறிஞ்சும். பிறகு தண்ணீரில் கரைந்து தானாகவே கீழே வழிந்துவிடும். நெருப்பை வைத்துக் குளிர் உண்டாக்கும் புத்திசாலித்தனத்துக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

ஆனால் "தானாகவே வழிந்துவிடும்" என்பதில்தான் வினையே இருக்கிறது. வழிய வேண்டுமென்றால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் மூன்று டிகிரி சாய்ந்தாலே ஆபத்து. திரவம் குழாயில் தேங்கும், கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகும், துரு பிடிக்காமல் இருக்கச் சேர்த்த குரோமேட் உப்பு உறைந்து குழாயை அடைக்கும். அடைத்தால் அடைத்ததுதான். ஓடும்போது பிரச்சினை இல்லை, குலுங்கலில் எல்லாம் ஓடிவிடும். நிறுத்தினால்தான் தொல்லை. அமெரிக்காவில் எந்தப் பார்க்கிங்கும் முழு மட்டமாக இருக்காது, மழைத்தண்ணீர் வடியச் சரிவு வைத்திருப்பார்கள். அதனால் ராத்திரி எங்கே ஒதுங்கினாலும் முதல் வேலை, ரசமட்டத்தை வைத்துப் பார்த்து டயருக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்குவது. மனைவி கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... போதும், போதும்னு சொன்னேனே!" என்பார். எங்கள் குடும்பச் சண்டைகளில் பாதிக்கு இந்த ஃபிரிட்ஜ்தான் காரணம்.

வெயில் இன்னொன்று. ஐ-90 நெடுஞ்சாலை பாஸ்டனிலிருந்து சியாட்டில் வரை சுமார் 3,020 மைல். அந்தச் சாலையைப் பிடித்துத்தான் மேற்கே போனோம். தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில், சீடர் பாஸ் முகாமில், ஜூலை மாதம். நிழலே இல்லாத புல்வெளி. ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கச் சுவரில் மேற்கு வெயில் பட்டால் உள்ளே தயிர் மணிக்கொரு தரம் புளிக்கிறது. வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். ஃபிரிட்ஜ் பிழைத்தது. எங்கள் வாசல் மட்டும் பக்கத்து வண்டியின் பின்புறத்தைப் பார்த்தபடி ஆனது. பிக்ஹார்ன் ஆடுகள் வண்டியின் மறுபக்கமாகவே வந்து போயின. பக்கத்து வண்டிக் குழந்தைகள் எடுத்த போட்டோவில்தான் பார்த்தோம்.

அப்புறம் உயரம். ஏறத்தாழ 5,500 அடிக்கு மேலே காற்று மெலிந்து சுடர் அணையலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. வயோமிங்கில் பௌடர் ரிவர் கணவாய் 9,666 அடி. அங்கே சொல்லிவைத்தாற்போல் அணைந்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இது விளையாட்டில்லை. கரடிகள் உள்ள இடம் என்பதால் ஐஸ் பெட்டியைக்கூட ஆளில்லாமல் வெளியே வைக்கக்கூடாது. சுடருக்குப் பதில் கரண்டில் ஓட்டலாமென்றால், கனெக்‌ஷன் உள்ள ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ்தான், அங்கே கூடாரத்துக்கே அனுமதி இல்லை, கெட்டியான சுவர் உள்ள வண்டி மட்டும்தான். அங்கே இடம் பிடிப்பது லேசில்லை. மொத்தத்தில் சம்பந்தி வீட்டார் மாதிரிதான் இந்த ஃபிரிட்ஜ்: உபசாரத்தில் ஒரு குறை தென்பட்டால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இந்தத் தடவை ரிப்பேருக்குக் காரணம் குளவி. இந்த கேஸில் கலந்திருக்கும் வாடை குளவிகளையும் சிலந்திகளையும் இழுக்கும் என்கிறார்கள். பர்னர் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிட்டது. பைசன், கரடி எல்லாம் பார்க்கக் கிளம்பின பயணத்தில் நான் மிக நெருக்கமாகச் சந்தித்த காட்டுயிர் இதுதான். நண்பரே, வெளிப்புற வென்டுக்குக் கம்பி வலை கட்டாயம் போடுங்கள். உட்புறக் குளிர்த்தகடுக்குப் பக்கத்தில் சின்ன விசிறி ஒன்று வையுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாளே ஓடவிடுங்கள், குளிர அரை நாள் பிடிக்கும். பெட்ரோல் போடும்போது மறக்காமல் அணையுங்கள்.

இவ்வளவும் திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். இது சத்தமே போடாது. அதன் அருமை எனக்குத் தெரிந்தது யெல்லோஸ்டோனின் மேடிசன் முகாமில். அங்கே கரண்ட் கிடையாது, ஜெனரேட்டரும் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான். செப்டம்பர், எல்க் மான்களின் இணைசேர் காலம். எட்டு மணிக்கு ஜெனரேட்டர்கள் ஓய்ந்ததும் ஆற்றுப்பக்கமிருந்து ஆண் எல்க் கூவ ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து கீச்சென்று புறப்பட்டு, ஏறி, உடைந்து, கடைசியில் உறுமலில் முடிகிற சத்தம். எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தே கேட்டோம். பக்கத்து வண்டிக்காரரிடம் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். அருமையாகக் குளிர்கிறது, ஆனால் தலைமாட்டிலேயே நின்று நின்று உறுமுகிறது என்று காலையில் அலுத்துக்கொண்டார். எங்கள் ஃபிரிட்ஜ் அந்த உயரத்திலும் அன்று அணையவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மாற்றிவிடுங்கள். கம்ப்ரசர் சாய்ந்து நின்றாலும் ஓடும், வெயிலுக்கு அஞ்சாது, மலையிலும் அடங்காது. ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், கூடவே லித்தியம் பேட்டரியும் கூரையில் சோலாரும் வேண்டும், இல்லையென்றால் கரண்ட் இல்லாத முகாமில் இரண்டாம் நாளே திண்டாடுவீர்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் பால் கெடுமோ என்று பயந்துகொண்டே பயணம் போகக்கூடாது.

என்னுடையதைக் கழற்றவும் ஆளைப் பேசி வைத்திருந்தேன். அதற்குள் செப்டம்பர் கடைசியில் மேடிசனில் இடம் கிடைத்துவிட்டது. வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பிளாஸ்டிக் கட்டைதான் இன்னும் கொஞ்சம் வாங்கவேண்டும், பழையதில் இரண்டு விரிசல் விட்டிருக்கிறது.